படிக வடிவமற்ற மருந்துகளும் பரப்பு இழுவிசைக் குறைப்பிகளும்

மூலக்கூறுகள் ஒழுங்கான அடுக்குகளாக அமையாமல் கண்ணாடியைப் போல உறைந்து நிற்கும் திண்மம் படிக வடிவமற்ற திண்மம் எனப்படும். நீரில் எளிதில் கரையாத மருந்துகள் இந்நிலையில் விரைவாகக் கரைகின்றன. ஆனால் இது உறுதியற்ற நிலை. நாளடைவில் மருந்து மீண்டும் படிகமாகிவிடலாம். கரைதலுக்குத் துணையாகச் சேர்க்கப்படும், சோப்பை ஒத்த பரப்பு இழுவிசைக் குறைப்பிகளே இம்மாற்றத்தை விரைவுபடுத்தவும் கூடும்.

1960இல் மல்லின்ஸ், மாசெக் ஆகிய இருவர் நோவோபயோசின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பி பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அம்மருந்தின் படிக வடிவமற்ற நிலை உடலில் உறிஞ்சப்பட்டது, படிகம் உறிஞ்சப்படவில்லை. நீரில் கலந்து வைத்தபோது முன்னது படிகமாக மாறியது. மெதில் செல்லுலோசு போன்ற பலபடிகள் அம்மாற்றத்தைத் தாமதப்படுத்தின.

படிகமாதல் எவ்வளவு பெரிய இடர் என்பதை உலகம் உணர்ந்தது 1998இல்தான். எச்.ஐ.வி. தொற்றுக்கான ரிட்டோனாவிர் 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருந்தது. அபாட் நிறுவனம் அதைக் கரைசலாகக் கேப்சூலில் அடைத்து விற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதுவரை எவரும் கண்டிராத, மிகக் குறைவாகவே கரையும் புதிய படிக வடிவம் கேப்சூல்களில் தோன்றியது. கேப்சூல் விற்பனை நின்றது. நோயாளிகள் கசப்பான திரவ மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. 1999இல் வந்த மாற்றுக் கேப்சூலைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. மின்சாரமே அரிதான வெப்ப நாடுகளில் இது சிறிய தடையன்று.

தீர்வு படிக வடிவமற்ற நிலையிலிருந்தே வந்தது. லோபினாவிர், ரிட்டோனாவிர் இரண்டையும் கோபோவிடோன் என்னும் பலபடியுடன் உருக்கிக் கலந்து செய்த கலேட்ரா மாத்திரை 2005இல் ஒப்புதல் பெற்றது. அதில் சார்பிட்டான் லாரேட் என்னும் பரப்பு இழுவிசைக் குறைப்பியும் உண்டு. குளிர்பதனம் தேவைப்படவில்லை, நாளொன்றுக்கு 6 கேப்சூல்களுக்குப் பதில் 4 மாத்திரைகள் போதுமாயின. ரிட்டோனாவிர் தனி மாத்திரை 2010இல் வந்தது.

ஆயினும் இவ்வெற்றியைக் கண்டு எந்தக் குறைப்பியையும் எந்த மருந்துடனும் சேர்த்துவிட முடியாது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வலிநிவாரணியான செலிகாக்சிபை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். சோடியம் லாரில் சல்பேட்டு உள்ளிட்ட மூன்று குறைப்பிகளும் அதன் படிக வளர்ச்சியை விரைவுபடுத்தின. இத்தகைய சிறு மூலக்கூறுகள் இடையே புகுந்து, உறைந்த அமைப்பைத் தளர்த்த வல்லவை. நகர இடம் கிடைத்த மருந்து மூலக்கூறுகள் படிகத்தில் எளிதாகச் சேர்கின்றன. நீராவியும் இதே வேலையைச் செய்கிறது. பலபடி இதற்கு எதிராக நின்று, மூலக்கூறுகளின் நகர்வைக் கட்டுப்படுத்துகிறது.

எனவே குறைப்பியின் வகையும் அளவும் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மாதிரிகளை 40 பாகை செல்சியசு வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் 6 மாதங்கள் வைத்து, படிகம் தோன்றியுள்ளதா என்று எக்சு கதிர் கொண்டு பார்க்கின்றனர்.