மடி இழுத்த கடலில் வேலி: வடக்குக் கடற்றொழிலாளரின் இரட்டை நெருக்கடி

நான் இதை எழுதும் அலுவிகாரையிலிருந்து கடல் வெகுதூரம். ஆனால் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி இந்த ஊர் ஊடாகத்தான் போகிறது. அந்த வீதியின் மறுமுனையில், போர் ஓய்ந்து தொழிலுக்குத் திரும்பிய கடற்றொழிலாளர் இரு பக்கத்தாலும் நெருக்கப்படுகிறார்கள். நடுக்கடலில் இழுவைமடி; கரையோரத்தில் பண்ணை வேலி. கருவாட்டையும் ரின்மீனையும் நம்பிச் சமைக்கும் மலையகக் குடும்பங்களுக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல.

உலகக் கணக்கு

ஐ.நா. உணவு, விவசாய அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை இரண்டு விடயங்களைச் சொல்கிறது. 1974இல் உலகின் கடல்மீன் கூட்டங்களில் ஏறத்தாழ 10 வீதமே அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டன. 2021இல் அது 37.7 வீதம். அடுத்தது, 2022இல் முதன்முறையாக வளர்ப்பு மீனின் அளவு பிடிக்கும் மீனின் அளவைத் தாண்டியது.

அப்படியானால் பண்ணைகள் கடலுக்கு ஓய்வு கொடுக்கும் என்று தோன்றலாம். ஆனால் பண்ணையில் வளரும் இறாலுக்கும் பல மீன்களுக்கும் தீனியாவது மீன்மா. உலகில் பிடிபடும் மீனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மீன்மாவாகவும் மீன் எண்ணெயாகவும் அரைபடுகிறது. ஏழை வீட்டுச் சட்டிக்கு வரவேண்டிய சிறுமீன், விலை கூடிய மீனுக்கு இரையாகிறது.

கடல் தீர்ந்துபோகுமா என்று கேட்பவர்களுக்குக் கனடாவின் நியூபவுண்ட்லாந்து பதில் சொல்லும். நூற்றாண்டுகளாகக் கொட் மீன் குவிந்த அந்தக் கடலில், பெருங்கப்பல்கள் அள்ளியதன் பின் 1992இல் தொழிலையே தடை செய்ய நேர்ந்தது. ஏறத்தாழ 30,000 பேர் ஒரே ஆண்டில் வேலை இழந்தார்கள்.

இழுவைமடி செய்வது என்ன?

பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழம் கொண்டது. பாரம் கட்டிய மடி அடித்தரையை உரசிக்கொண்டு போகும்போது இறாலோடு குஞ்சுமீன், நண்டு, சாதாழை எல்லாம் வழித்தெடுக்கப்படுகின்றன. மீன் முட்டையிடும் இடமும் குஞ்சு ஒளியும் இடமும் ஒன்றாக அழிகின்றன.

இந்தியாவில் 1950களில் நோர்வேயின் உதவியோடு தொடங்கிய நவீனமயமாக்கலும் இறால் ஏற்றுமதியும் இழுவைப் படகுகளைப் பெருக்கின. தமிழ்நாட்டில் 1983இன் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை அவை தொழில் செய்ய முடியாது. அதற்கு அப்பால் எல்லைக்கோடு வரை எஞ்சுவது ஒடுங்கிய கடல். அங்கே மீன் குறைந்தபோது படகுகள் இந்தப் பக்கம் வந்தன. அந்தக் காலத்தில் எங்கள் மக்கள் பாதுகாப்புத் தடைகளால் கரையில் கட்டுண்டிருந்தார்கள். 2009க்குப் பின் கடன்பட்டு வலை வாங்கி இறங்கியவர்களின் வலைகளைத்தான் இழுவைப் படகுகள் இரவில் அறுத்துச் செல்கின்றன.

2017 யூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. அச்சட்டம் உள்ளூர் இழுவைப் படகுகளுக்கும் பொருந்தும். அவை குருநகரிலும் பேசாலையிலும் இருப்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. அதே ஆண்டு இந்தியா, பாக்கு நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை மூன்று ஆண்டுகளில் ஆழ்கடல் தொழிலுக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தது. இலக்கின் சிறு பகுதியே நிறைவேறியது. சிறைப்படுவோரில் பலர் கூலிக்குப் படகேறும் தமிழர்கள். முதலாளி கரையில் இருக்கிறார். இந்த வேறுபாட்டைப் பேசாமல் 'தொப்புள்கொடி உறவு' என்று மட்டும் பேசுவது இரு கரையின் ஏழைகளுக்கும் உதவாது.

கரையில் வந்த வேலி

மீன் குறைந்த இடத்துக்கு மாற்றாகக் காட்டப்படுவது கடலட்டைப் பண்ணை. 2022இல் அமைச்சரவை 5,000 ஏக்கர் அளவில் கடலட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு கிளிநொச்சி கிராஞ்சியில் கடற்றொழிலாளர் பண்ணைகளுக்கு எதிராகப் போராட்டத்தில் இறங்கினார்கள்.

நியாயமாகச் சொன்னால், கடலட்டைக்கு மீன்மா தேவையில்லை. அது மணலை உண்டு, அதிலுள்ள கழிவைச் செரித்துத் தரையைச் சுத்தம் செய்யும் உயிரி. சில குடும்பங்களுக்கு இது டொலர் வருமானமும் தருகிறது. சிக்கல் இடத்தில்தான். பண்ணைக்குப் பொருத்தமான, சாதாழை படர்ந்த ஆழம் குறைந்த கடலே சிறகுவலைக்காரரின் தொழிலிடம். கரையோரத்தில் இறாலும் நண்டும் பிடிப்பவர்களின் தொழிலிடமும் அதுவே. எல்லோருக்கும் பொதுவான கடலில் கம்பு நட்டு வலை கட்டினால், அது சிலரின் காணியாகிவிடுகிறது. முதல் இல்லாதவர் வேலிக்கு வெளியே நிற்கிறார்.

காணி பறிபோன கதையை அறிந்த மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வளர்ப்பு எல்லாம் ஒன்றல்ல

மீன்வளர்ப்பை முழுதாக மறுக்க நான் வரவில்லை. எங்கள் மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளையில் நன்னீர் மீன்வளர்ப்பு நிலையம் உள்ளது. குளங்களில் குஞ்சு விடுவதால் கடலுக்குச் சேதமில்லை. 1952இல் நாட்டுக்கு வந்த திலாப்பியா இன்று உள்நாட்டு ஏழைகளின் மீன். அதே துறைக்கான அரச ஆதரவு 1990 முதல் 1994 வரை நிறுத்தப்பட்டதும் நடந்தது. மறுபுறம், இறால் பண்ணைகளின் உப்பும் கழிவும் நிலத்தடி நீரைக் கெடுத்ததால், 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஆகவே எந்தப் பண்ணையைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். அதன் தீனி எங்கிருந்து வருகிறது? அதன் கழிவு எங்கே போகிறது? அது நிற்கும் இடத்தில் நேற்றுவரை யார் தொழில் செய்தார்கள்? மூன்றாவது கேள்வியைக் கிராமத்தின் கடற்றொழிலாளர் சங்கத்திடம், அனுமதி கொடுக்கும் முன்னரே கேட்கவேண்டும். பண்ணைகளின் எல்லையும் உரிமையாளர் விபரமும் தமிழில் பகிரங்கமாக ஒட்டப்படவேண்டும். இழுவைமடிச் சட்டம் இரு நாட்டுப் படகுகள் மீதும் பாகுபாடின்றி நடைமுறைக்கு வரவேண்டும்.

மடி நின்றால் தரை மெல்ல ஆறும், சாதாழை மீண்டும் முளைக்கும். ஆனால் அதற்குள் தொழிலை விட்டுக் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போய்விடும் பிள்ளைகள் திரும்பிவருவார்கள் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.