பரமட்டா சாலை – 14: பத்துப் பவுண்டுப் பாட்டுக்காரர்கள்

வில்லவுட் என்றதும் மேற்கு சிட்னித் தமிழர்களுக்கு நினைவு வருவது தடுப்பு முகாம்தான். படகேறி வந்து அங்கே அடைபட்டவர்களைப் பார்க்கப் போய்வந்தவர்கள் நம்மில் பலர். பரமட்டாவுக்குத் தெற்கே, காரில் போனால் கால்மணி நேரத் தொலைவு. முகாம் 1976இல் வந்தது. அதற்கும் முன்னால், 1949 முதல், அந்த இடத்தில் குடியேறிகள் விடுதி ஒன்று இருந்தது. ஆஸ்திரேலிய ராக் இசையின் பெரிய வேர் ஒன்று அங்கேதான் பிடித்தது.

1962–63 குளிர்காலத்தில் பிரிட்டனே உறைந்து கிடந்தது. ஆஸ்திரேலியா ஆள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பயணத்துக்குப் பெரியவர்களுக்குத் தலைக்குப் பத்துப் பவுண்டு, பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. கிளாஸ்கோ நகரின் யங் குடும்பம் 1963இல் கிளம்பி, வில்லவுட் விடுதியில் வந்து இறங்கியது. மகன்களில் ஜார்ஜுக்கு 16 வயது, மால்கமுக்கு 10, ஆங்கஸுக்கு 8. இன்னொரு அண்ணன் அலெக்ஸ், இசையை நம்பி, குடும்பத்தோடு வராமல் தங்கிவிட்டார்.

அண்ணன் வாசிப்பதைத் தம்பி உற்றுப் பார்ப்பான். பிறகு இசைத்தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டுக் காதால் பிடிப்பான். அந்த வீட்டுக் கிட்டார் பாடம் அவ்வளவுதான். கடைக்குட்டி ஆங்கஸ் முதலில் விரல் பழகியது, ஆறு தந்தி கட்டிய ஒரு பழைய பாஞ்சோவில்.

தகரக் கொட்டகைகள் நிறைந்த அந்த விடுதியில் ஜார்ஜுக்குக் கிடைத்த கூட்டாளி ஹாரி வாண்டா. நெதர்லாந்துக்காரர், கை நிறைய கிட்டார், வாயில் கொஞ்சமே ஆங்கிலம். இன்னொரு டச்சு இளைஞர் டிக் டயமண்ட், லிவர்பூல் பக்கத்து ஸ்னோவி ஃப்ளீட், லீட்ஸில் பிறந்த ஸ்டீவி ரைட் ஆகியோரும் சேர, 1964இல் ‘ஈசிபீட்ஸ்’ குழு பிறந்தது. ஐவரில் ஒருவர்கூட ஆஸ்திரேலியாவில் பிறந்தவரில்லை.

பீட்டில்ஸ் அலை வீசிய ஆண்டு அது. உள்ளூர்க் குழுக்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பாட்டுகளை அப்படியே வாசித்துக் கைதட்டல் வாங்கின. ஈசிபீட்ஸ் சொந்தப் பாட்டோடு வந்தது. டெட் ஆல்பர்ட் என்ற தயாரிப்பாளர் அவர்களை நம்பிப் பணம் போட்டார். தொடக்கத்தில் ஜார்ஜும் ஸ்டீவியும் எழுதினார்கள். ஹாரிக்கு ஆங்கிலம் கைவந்தபின், வாண்டா–யங் என்ற இரட்டையர் உருவானார்கள்.

1966இல் லண்டன் போன குழு, அங்கே ‘ஃப்ரைடே ஆன் மை மைண்ட்’ பாட்டைப் பதிவு செய்தது. திங்கள் முதல் வேலையில் வாடி, வெள்ளிக்கிழமைக்காக ஏங்கும் கூலிக்காரனின் பாட்டு. ஆஸ்திரேலியாவில் முதலிடம், பிரிட்டனில் ஆறாமிடம், அமெரிக்காவில் பதினாறாமிடம். பாட்டாசிரியர் சங்கமான ஆப்ரா, 2001இல் 75 ஆண்டுக் காலத்து ஆஸ்திரேலியப் பாட்டுகளில் இதற்கே முதலிடம் தந்தது.

ஆனால் அந்தப் பேர் வயிற்றை நிரப்பவில்லை. 1969இல் குழு கலைந்தது. இரட்டையர் லண்டனிலேயே தங்கி, வெவ்வேறு பெயர்களில் பாட்டு எழுதிக் கடன் அடைத்தார்கள். 1973இல் சிட்னி திரும்பி, ஆல்பர்ட் நிறுவனத்திலேயே எழுத்தும் தயாரிப்புமாக உட்கார்ந்தார்கள். ஜான் பால் யங் பாடி உலகம் சுற்றிய ‘லவ் இஸ் இன் தி ஏர்’ இவர்கள் எழுதியதே.

இதற்கிடையில் குடும்பம் பரமட்டா சாலையை ஒட்டிய பர்வுட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தது. தொழிற்சாலையில் தையல் இயந்திரம் பழுதுபார்த்த மால்கமும், பள்ளியைப் பாதியில் விட்ட ஆங்கஸும் 1973இல் தொடங்கிய குழுதான் ஏசி/டிசி. அதன் முதல் ஆல்பங்களை ஜார்ஜும் ஹாரியும் தயாரித்தார்கள். தான் பட்ட அடியிலிருந்து கற்றதையெல்லாம் ஜார்ஜ் தம்பிகளுக்குக் கொடுத்தார். 2017இல் ஜார்ஜும் மால்கமும் ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்து மறைந்தார்கள்.

நம் இளையராஜாவும் கிட்டாரோடு வந்தவர்தான். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கற்று, ஜி.கே. வெங்கடேஷ் குழுவில் வாசித்து, பிறகே 1976இல் ‘அன்னக்கிளி’. அவருக்கு முறையான பாடம் கிடைத்தது, யங் சகோதரர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் இரு தரப்பையும் உயர்த்தியது, அடுத்தவர் பாட்டை வாசித்த கை ஒருநாள் சொந்தப் பாட்டைத் தேடியதுதான்.

வார இறுதிகளில் பரமட்டாவைச் சுற்றி நம் பிள்ளைகள் கிட்டாரும் வயலினும் சுமந்து வகுப்புக்கு ஓடுகிறார்கள். கிரேடு தேர்வுச் சான்றிதழ்கள் வரவேற்பறைச் சுவரை நிறைக்கின்றன. நல்லதுதான். ஆனால் பாடத்தில் இல்லாத ஒன்றைப் பிள்ளை தானாக வாசித்தால், “அதை விடு, பரீட்சைக்குப் படி” என்று அதட்டாதீர்கள். அரைகுறையாக இருந்தாலும் முழுசாக வாசித்து முடிக்க விடுங்கள். அரைகுறை ஆங்கிலத்தோடு வில்லவுட்டில் வந்திறங்கிய ஒருவர்தான் இந்த நாட்டில் முதலிடம் பெற்ற அந்தப் பாட்டை எழுதிய இருவரில் ஒருவர்.

(தொடரும்)