அசையாத காலம்: தென்னாட்டு ஆசீவகரின் நியதிக் கொள்கை

புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்தில் மகத நாட்டில் வேள்வி மரபை ஏற்காது எழுந்த துறவியர் கூட்டங்களுள் ஆசீவகமும் ஒன்றாகும். தமிழ் நூல்கள் மற்கலி என்று குறிப்பிடும் மக்கலி கோசாலர் அதன் முதன்மை ஆசானாகக் கருதப்பட்டார். உலகில் நிகழ்வன யாவும் முன்னரே வரையறுக்கப்பட்டவை, மனித முயற்சியால் அவற்றுள் ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ இயலாது என்பதே அவர்களுடைய நியதிக் கொள்கை. பௌத்தரின் தீக நிகாயத்திலுள்ள சாமஞ்ஞபல சுத்தம், எறியப்பட்ட நூலுருண்டை தன் நூல் தீரும்வரை அவிழ்ந்தோடுவதுபோல, அறிவிலியும் அறிஞனும் எண்பத்து நான்கு லட்சம் மகாகல்பங்கள் பிறந்துழன்ற பின்னரே துன்பம் தீர்வர் என்று இக்கொள்கையை எடுத்துரைக்கிறது. உயிர்கள் மாசுறுவதற்கோ தூய்மையடைவதற்கோ காரணம் ஏதுமில்லை என்ற கூற்றும் அங்கேயே காணப்படுகிறது. முன்வினை பின்விளைவைத் தீர்மானிக்கிறது என்னும் கருமக் கொள்கையிலிருந்து ஆசீவகம் விலகும் இடம் இதுதான்.

முயற்சி பயனற்றது என்றவர்கள் கடுந்தவம் புரிந்தது முரணாகத் தோன்றலாம்; அத்தவமும் நியதியின்படி நிகழ்வதே என்பது அவர்கள் நிலை. மன்னர்களின் ஆதரவும் அவர்களுக்குக் குறைவின்றிக் கிடைத்தது. கயைக்கு வடக்கேயுள்ள பராபர் குன்றில், கருங்கல்லைக் குடைந்து, உட்சுவர் கண்ணாடிபோல் மின்னும்படி மெருகேற்றப்பட்ட குகைகளுள் இரண்டை அசோகர் தம் 12ஆம் ஆட்சியாண்டில் ஆசீவகருக்கு அளித்தார். அவருடைய பேரன் தசரதன் அருகிலுள்ள நாகார்ச்சுனிக் குன்றில் மேலும் மூன்றை வழங்கினான். பின்வந்தோர் சிலர் இக்கல்வெட்டுகளிற் சிலவற்றில் ஆசீவகர் என்ற பெயரை மட்டும் உளியால் கொத்திச் சிதைத்துள்ளனர். குகையைப் பிறர் கைக்கொண்டபோது பழைய உரிமையாளரின் பெயர் இடையூறாயிற்று போலும்.

வடக்கே தளர்ந்த பின்னரும் இச்சமயம் தெற்கே பல நூற்றாண்டுகள் நிலைத்தது. சிலப்பதிகாரத்தில், மகள் கண்ணகிக்கு நேர்ந்ததை அறிந்த மாநாய்கன் ஆசீவகர் முன் தானஞ்செய்து துறவு பூணுகிறான். மணிமேகலையின் 27ஆம் காதை, நிலம், நீர், தீ, காற்று ஆகிய நால்வகை அணுக்களோடு உயிரையும் ஓர் அணுவாகக் கொள்ளும் அவர்களது கோட்பாட்டையும், கருமை முதல் வெண்மை வரையிலான அறுவகை நிறப்பிறப்புகளையும் விரித்துரைக்கிறது. சங்கப் பாடல்களில் ஊழ் பேசப்படும் இடமெல்லாம் ஆசீவகத்தைக் காண்பாரும் உளர். ஊழ் பல சமயங்களுக்கும் பொதுவாக இருந்தமையால் அது மிகையான முடிவே. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுக்கிறது. இரண்டாவதை ஓர் ஆசீவகர் எழுதியிருக்க முடியாது.

தென்னாட்டு ஆசீவகம் எட்டிய எல்லையைக் காட்டுவது சமண நூலான நீலகேசியாகும். குக்குட நகரத்துப் பள்ளியில் பூரணன் என்னும் ஆசீவக ஆசானோடு நூலின் தலைவி நீலகேசி வாதிடும் பகுதியில், அவிசலித நித்தியத்துவம், அதாவது அசைவற்ற நிலைபேறு, என்னும் கொள்கை வெளிப்படுகிறது. இல்லாதது தோன்றுவதுமில்லை, உள்ளது அழிவதுமில்லை. ஆதலின் மாற்றமும் இயக்கமும் வெறுந்தோற்றங்களே, கணந்தோறும் நிகழ்வனவாக நாம் எண்ணுபவை யாவும் என்றும் உள்ளவையே என்பது அதன் சாரம். நியதியைத் தளரவிடாது இறுதிவரை பின்தொடர்ந்தால் இம்முடிவு தவிர்க்க இயலாதது: நாளை நிகழவிருப்பது முற்றிலும் உறுதியெனின், அதை இனிமேல்தான் தோன்றப்போவது என்பதற்குப் பொருளில்லை. நூலுருண்டை அவிழ்வதற்குக்கூட இங்கே இடமில்லை. ஆசீவக வரலாற்றை 1951இல் விரிவாக எழுதிய ஏ. எல். பாஷம் இதனைக் கிரேக்க மெய்யியலாளர் பார்மெனிடீசின் கருத்தோடு ஒப்பிட்டார்.

ஐரோப்பாவில் நியதி, நிலைபேறு என்னும் இவ்விரு படிகளும் வேறு வேறு வழியில் வந்தன. 1814இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ், ஒரு கணத்தின் நிலையும் விசைகளும் முழுமையாகத் தெரிந்த அறிவுக்கு எதிர்காலமும் கண்முன் நிற்கும் என்றார். இது காரணத்தொடரை முழுவதும் நம்பிய நியதிவாதம். 1908இல் கொலோன் நகரில் உரையாற்றிய கணித அறிஞர் மின்கோவ்ஸ்கி, சார்பியல் கோட்பாட்டின் அடிப்படையில் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றோடு காலத்தையும் இணைத்து நாற்பரிமாண உலகை வகுத்தார். அவ்வுலகில் முக்காலமும் ஒருங்கே உள்ளன என்று மெய்யியலாளர் பலர் பொருள் கொண்டனர். காரணத்தை மறுத்து நிலைபேற்றை ஏற்ற ஆசீவகர் லாப்லாசைவிட இந்நோக்குக்கே நெருங்கியவர்கள். எனினும், அளவைநூல் வழியே அவர்கள் கண்ட முடிவுக்கு வடிவியலோ ஒளியின் வேகம் பற்றிய ஆய்வோ பின்புலமாக இல்லாமையால், அவர்களைச் சார்பியலின் முன்னோடிகள் எனல் பொருந்தாது.

இக்கொள்கையினரின் பிற்கால வாழ்வை வரிக் கணக்குகளே காட்டுகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ஆசுவக்கடமை என்பது ஆசீவகர்மீது விதிக்கப்பட்ட வரியெனக் கொள்ளும் பாஷம், அத்தகைய சான்றுகள் கோலார் வட்டாரத்தில் 14ஆம் நூற்றாண்டு வரை தொடர்வதைச் சுட்டுகிறார். 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் ஆசீவகரை மறுக்க முற்படும்போது, அவர்களைச் சமணரின் ஒரு பிரிவினராகவே நடத்துகிறார். மற்கலி இயற்றியதாகச் சொல்லப்படும் நவகதிர் என்னும் அவர்களது நூல் கிடைக்கவில்லை. அதன் பெயரே எதிர்வாதம் செய்தோரின் நூல்கள் வழியாகத்தான் தெரியவருகிறது.