விடுதலை அளிக்கப்பட்டதா, ஈட்டப்பட்டதா? அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) அடிமைப்பட்ட மக்களின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் ஒன்றியத்தைக் காக்கும் போராகத் தொடங்கி, அடிமை முறையை ஒழிக்கும் போராக முடிந்தது. இம்மாற்றம் பொதுவாகக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் செயலாகவே பாடநூல்களில் விளக்கப்படுகிறது. 1861 மே மாதம் மன்றோ கோட்டையில் தொடங்கிய தப்பியோட்டங்களும், அவற்றைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டங்களும், கறுப்பினப் படைவீரர்களின் பங்கேற்பும் இம்மாற்றத்தை எவ்வாறு உருவாக்கின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உள்நாட்டுப் போர், அடிமை முறை, மன்றோ கோட்டை, பறிமுதல் சட்டம், விடுதலைப் பிரகடனம், லிங்கன், டூ பாய்ஸ்.

முன்னுரை

1860ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழ 39.5 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். தென் கரோலினா, மிசிசிப்பி ஆகிய இரு மாநிலங்களில் மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைப்பட்டோரே. இம்மக்களின் நிலை குறித்த பூசலே நாட்டைப் பிளந்தது. எனினும் போர் வரலாற்றில் இவர்கள் பெரும்பாலும் பிறரால் மீட்கப்பட்டவர்களாகவே காட்டப்படுகின்றனர். இப்பார்வை சான்றுகளோடு எந்த அளவிற்குப் பொருந்துகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

போரின் காரணம்

தென்மாநிலங்கள் பிரிந்தது மாநில உரிமைக்காகவே, அடிமை முறைக்காக அன்று என்னும் வாதம் போருக்குப் பின்னர் வலுப்பெற்றது. எட்வர்டு பொல்லார்டு 1866இல் எழுதிய நூலின் தலைப்பிலிருந்து இது ‘இழந்த இலட்சியம்’ என்ற பெயரைப் பெற்றது. பிரிந்த மாநிலங்களின் அக்கால ஆவணங்கள் இவ்வாதத்தை ஏற்கவில்லை. 1860 டிசம்பர் 20 அன்று பிரிந்த தென் கரோலினா, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி அனுப்ப வடமாநிலங்கள் மறுத்ததைத் தன் முதன்மைக் குறையாக அறிவித்தது. பிற மாநிலங்கள் தம் உரிமைப்படி நடப்பதையே தென் கரோலினா இங்குக் குற்றமாகக் கண்டது என்பது கருதத்தக்கது. தென்மாநிலக் கூட்டமைப்பின் அரசியலமைப்பு, அடிமை உடைமையைக் குறைக்கும் சட்டம் எதனையும் இயற்றக் கூடாது எனத் தடை விதித்தது. அதன் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் ஆற்றிய உரையில், இன ஏற்றத்தாழ்வே புதிய அரசின் மூலைக்கல் என வெளிப்படையாகவே கூறினார்.

தெற்கு அடிமை முறைக்காகப் பிரிந்தது என்பதனால், வடக்கு அதனை ஒழிக்கவே போரிட்டது என்று கொள்ள இயலாது. டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கு அடிமை மாநிலங்கள் ஒன்றியத்திலேயே இருந்தன. அவற்றை இழக்க விரும்பாத நாடாளுமன்றம், மாநிலங்களின் நிலைபெற்ற அமைப்புகளில் தலையிடுவது போரின் நோக்கமன்று என 1861 ஜூலையில் தீர்மானம் நிறைவேற்றியது. நான்கே ஆண்டுகளில் இந்நிலை முற்றிலும் மாறியது. அம்மாற்றத்தின் தொடக்கத்தை மன்றோ கோட்டையில் காணலாம்.

மன்றோ கோட்டை நிகழ்வு

வர்ஜீனியாக் கடற்கரையில் ஒன்றியப் படையின் வசமிருந்தது மன்றோ கோட்டை. 1861 மே 23 இரவு பிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்னும் மூவர் படகில் அக்கோட்டையை அடைந்தனர். தென்மாநிலப் படைக்குப் பீரங்கி அரண் கட்டும் வேலையில் இவர்கள் ஈடுபடுத்தப்பட்டிருந்தனர். மறுநாள் தென்மாநில அதிகாரி ஒருவர் வந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி இவர்களைத் திருப்பித் தருமாறு கோரினார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். தன்னை வேற்று நாடாக அறிவித்துக்கொண்ட வர்ஜீனியா, ஐக்கிய நாடுகளின் சட்டத்தைத் துணைக்கு அழைக்க இயலாது என்று அவர் மறுத்தார். பகைவர் இவர்களை உடைமை என்கின்றனர். அவ்வுடைமை போருக்குப் பயன்படுத்தப்படுகிறது. எனவே அதனைக் கைப்பற்றலாம் என்பது அவர் கண்ட வாதம். ‘காண்ட்ராபாண்ட்’, அதாவது போரில் பறிமுதல் செய்யத்தக்க பொருள் என்ற பெயர் தப்பி வந்தோர்க்கு இவ்வாறே வழங்கலாயிற்று.

அம்மூவரையும் மனிதர்கள் என்று ஏற்று அடைக்கலம் தந்ததாக இதனைக் கொள்ள இயலாது. அடிமைச் சட்டத்தின் அடிப்படையையே ஏற்றுக்கொண்டு அச்சட்டத்தைப் பயனற்றதாக்கிய உத்தி இது. இதன் குறைபாடு விரைவிலேயே வெளிப்பட்டது. ஜூலை இறுதிக்குள் ஏறத்தாழ 900 பேர் அங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் பலர். அரண் கட்டாத ஒரு குழந்தையைப் போர்ப் பொருள் என்று எவ்வாறு கூறுவது? இவர்கள் அடிமைகளா, விடுதலை பெற்றவர்களா எனப் பட்லர் போர்த்துறைச் செயலருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அரசு ஒத்திவைக்க விரும்பிய வினாவை, குடும்பத்தோடு நடந்து வந்த மக்கள் அதன் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தினர் எனலாம்.

சட்டங்களின் வளர்ச்சி

1861 ஆகஸ்ட் 6 அன்று நிறைவேறிய முதல் பறிமுதல் சட்டம், தென்மாநிலப் படைப்பணியில் ஈடுபடுத்தப்பட்ட அடிமைகள் மீதான உரிமையாளர் உரிமையை நீக்கியது. 1862 மார்ச்சில், தப்பி வந்தோரைத் திருப்பி அனுப்பப் படை அதிகாரிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஏப்ரல் 16 அன்று தலைநகர் வாஷிங்டனில் இழப்பீட்டுடன் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஜூலை 17 அன்று நிறைவேறிய இரண்டாம் பறிமுதல் சட்டம், கிளர்ச்சியாளர்களிடமிருந்து தப்பி வந்தோரை என்றென்றைக்குமாக விடுவித்தது. இச்சட்டங்கள் ஒவ்வொன்றும், ஒன்றியப் படை செல்லுமிடமெல்லாம் வந்து சேர்ந்த மக்களால் எழுந்த நடைமுறைச் சிக்கலுக்கு விடையாக அமைந்தன.

இக்காலத்தில் லிங்கன் தயக்கம் காட்டினார். தளபதிகள் பிரமாண்ட், ஹண்டர் ஆகியோர் தாமாகவே வெளியிட்ட விடுதலை ஆணைகளை அவர் விலக்கினார். கென்டக்கியை இழந்துவிடுவோம் என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணம். 1862 செப்டம்பர் 17 அன்று நிகழ்ந்த ஆண்டீட்டம் போருக்குப் பின்னரே முன்னறிவிப்பை வெளியிட்டார். 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த விடுதலைப் பிரகடனம் எல்லை மாநிலங்களுக்கும், டென்னசிக்கும், ஒன்றியப் படையின் வசமிருந்த சில பகுதிகளுக்கும் பொருந்தவில்லை. ஆயினும் கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க அது வழி திறந்தது. அதன் விளைவு மிகப் பெரியது.

படைவீரர்களும் அரசியல் மாற்றமும்

போர் முடிவதற்குள் சுமார் 1,79,000 கறுப்பினத்தவர் ஒன்றியத் தரைப்படையில் பணியாற்றினர். தொடக்கத்தில் வெள்ளையின வீரர் மாதம் 13 டாலர் பெற, இவர்களுக்கு 10 டாலரே வழங்கப்பட்டது. அதிலும் 3 டாலர் உடைக்காகப் பிடிக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவினர் இவ்வேற்றத்தாழ்வை எதிர்த்து ஊதியத்தையே வாங்க மறுத்தனர். 1864 ஜூனில் நாடாளுமன்றம் சம ஊதியத்தை ஏற்றது. படைக்கு வெளியிலும் துணிவான செயல்கள் நிகழ்ந்தன. 1862 மே 13 அன்று ராபர்ட் ஸ்மால்ஸ் என்னும் அடிமை மாலுமி, சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘பிளாண்டர்’ என்ற கப்பலைத் தம் குடும்பத்தாருடன் ஒன்றியக் கடற்படையிடம் கொண்டுசேர்த்தார். பின்னாளில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

அறிஞர் கருத்து வேறுபாடு

டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் 1935இல் வெளியிட்ட கறுப்பினப் புனரமைப்பு பற்றிய நூலில், தோட்டங்களை விட்டு அடிமைகள் வெளியேறியதைப் பொது வேலைநிறுத்தம் என விளக்கினார். பின்னர் ஐரா பெர்லின், பார்பரா பீல்ட்ஸ் முதலியோர் ஆவணச் சான்றுகளுடன் இக்கருத்தை விரிவுபடுத்தினர். ஜேம்ஸ் மெக்பர்சன் இதனை மறுத்தார். ஒன்றியப் படை முன்னேறாவிடில் தப்பியோடுவோர்க்குப் புகலிடம் இல்லை. லிங்கன் உறுதியாக நின்றிராவிடில் அப்படையும் முன்னேறியிராது என்பது அவர் வாதத்தின் சாரம். இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஒன்றியப் படையை அடைந்தோர் சுமார் 5 இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது. எஞ்சிய பெரும்பான்மையோர் போரின் இறுதி வரை தோட்டங்களிலேயே இருந்தனர்.

எனினும் இவ்விரு வாதங்களும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. 1864 ஆகஸ்டில் தேர்தல் தோல்வி அச்சம் சூழ்ந்திருந்த வேளையில், விடுதலைக் கொள்கையைக் கைவிட்டு உடன்பாடு காணுமாறு லிங்கன் நெருக்கப்பட்டார். இலட்சத்திற்கும் மேற்பட்ட கறுப்பின வீரர்களை இழந்து ஒன்றியத்தைக் காக்க இயலாது என்பதும், போரிட்டவர்களை மீண்டும் அடிமைகளாக்குவது நம்பிக்கைத் துரோகம் என்பதும் அவர் அப்போது முன்வைத்த காரணங்கள். மெக்பர்சன் சுட்டும் உறுதிக்கு, டூ பாய்ஸ் சுட்டும் மக்களே அடித்தளமாக நின்றனர் என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் 1865 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் அவையில் 119–56 என்ற வாக்குகளில் நிறைவேறி, டிசம்பர் 6 அன்று ஒப்புதல் பெற்றது. 1861 ஜூலைத் தீர்மானத்திற்கும் இதற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க வைத்ததில் தலைவர்களுக்கும் படைகளுக்கும் பங்குண்டு. ஆனால் அந்நகர்வைத் தொடங்கி வைத்தவர்கள், உடைமை எனக் கருதப்பட்ட மக்களே.

இவ்வேறுபாடு வெறும் பெருமைப் பங்கீடு அன்று. விடுதலை கொடையாகக் கருதப்பட்டால், அதன் அளவையும் கால எல்லையையும் கொடுத்தவரே முடிவு செய்வார். குற்றத் தண்டனையாகக் கட்டாய உழைப்பை அனுமதிக்கும் விதிவிலக்கு அத்திருத்தத்திலேயே இடம்பெற்றது. அதே ஆண்டில் மிசிசிப்பி முதலிய மாநிலங்கள் ‘கறுப்பர் சட்டங்கள்’ மூலம் நடமாட்டத்தையும் தொழில் உரிமையையும் முடக்கின. 1877இல் தெற்கிலிருந்த கூட்டரசுப் பாதுகாப்பும் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஈட்டியவர் பெயர் வரலாற்றிலிருந்து நீக்கப்பட்டால், அவர் ஈட்டியதையும் எளிதில் பறித்துவிடலாம் என்பதற்கு இக்காலகட்டம் சான்றாக நிற்கிறது.