நகரம் போட்ட திட்டமும் நம்ம வள்ளூரும்



மலருக்கு ஊர் வரலாறு ஒண்ணு எழுதிக் கொடுங்கன்னு கூட்டமைப்புக் கூட்டத்தில் என்னிடம் சொன்னார்கள். கோயில், திருவிழா, பழைய காலத்து உப்பளம், இதையெல்லாம் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குடத்தோடு தண்ணிக்கு நிற்கும்போது வேறொரு யோசனை வந்தது. இந்த ஊர் எப்படி இருக்கணும், எந்த இடத்தில் ஆலை வரணும், எந்தத் தண்ணி யாருக்குப் போகணும் என்று ஐம்பது வருஷத்துக்கு மேலாக யாரோ திட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் திட்டங்களைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால் அந்தக் கதையையே எழுதுகிறேன்.

கிணத்துத் தண்ணி உப்பான கதை

நம்ம பக்கத்துக்கு உயிர் கொடுத்தது கொசஸ்தலை ஆறு. வள்ளூர் அணைக்கட்டு அந்த ஆற்றின் மேல் கட்டியதுதான். அணைக்கட்டில் தேங்கின தண்ணி வாய்க்காலில் போய் வயலுக்குப் பாயும், பூமிக்குள்ளும் இறங்கும். மீஞ்சூர் வட்டாரத்தில் பத்தடி தோண்டினாலே நல்ல தண்ணி வரும் என்று எங்க மாமியார் சொல்வாங்க.

அந்த நல்ல தண்ணிதான் வெளியார் கண்ணில் முதலில் பட்டது. 1960களில் மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் பெரிய ஆலைகள் வரிசையாக வந்தன. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் வந்தது. ஆலைக்கும் தண்ணி வேணும், பெருகிக்கொண்டே போகும் நகரத்துக்கும் தண்ணி வேணும். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இறைத்தார்கள்.

இறைத்த அளவுக்கு மழைத் தண்ணி உள்ளே இறங்கவில்லை. காலியான இடத்துக்குக் கடல் தண்ணி நுழைந்தது. 1969இல் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும்தான் நிலத்தடியில் உப்பு ஏறியிருந்தது. 1983இல் அது 7 கிலோமீட்டர் ஆனது. 1987இல் 9 கிலோமீட்டர். அந்த 1987இல்தான் சென்னைப் பெருநகர் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. சட்டம் நல்லதுதான். ஆனால் நம்ம கிணறுகள் அதற்கு முன்பே கரிக்க ஆரம்பித்துவிட்டன.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். 2010இல் காட்டுப்பள்ளியில் கடல் தண்ணியைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் நிலையம் அது. நிலத்தடியில் இருந்த நல்ல தண்ணியை இறைத்துவிட்டு, பிறகு கடல் தண்ணியில் உப்பெடுக்கக் காசு செலவு செய்ய வேண்டியதாயிற்று. முன்கூட்டி யோசிக்காததற்கு என்ன விலை என்று இதிலேயே தெரிகிறது.

வண்ணம் அடித்த வரைபடம்

சென்னைக்கு முதல் முழுமைத் திட்டம் 1976இல் வந்தது. இரண்டாவது 2008இல் வந்தது. இரண்டையும் தயாரித்தது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது நாம சி.எம்.டி.ஏ. என்று சொல்கிற அலுவலகம். முழுமைத் திட்டம் என்றால் என்ன? வீடு கட்டும் இடம் இது, கடை வரும் இடம் இது, தொழிற்சாலை வரும் இடம் இது என்று நிலத்தை வகை பிரித்து, வரைபடத்தில் வண்ணம் அடித்து வைப்பது. அந்த வகைகளில் ஒன்றுக்கு ‘சிறப்பு மற்றும் அபாயகரமான தொழில்’ என்று பேர். மணலி, எண்ணூர் பக்கம் அந்த வண்ணம் நிறையவே உண்டு.

ஒரு இடத்தை அபாயகரமான தொழிலுக்கு என்று எழுதிவிட்டால், அடுத்தடுத்து வருவதும் அங்கேதான் வரும். வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் வந்தது. எண்ணூர் துறைமுகம் 2001இல் வந்தது. நம்ம வள்ளூர் அனல்மின் நிலையம் 2012 முதல் 2015 வரை ஒவ்வொரு அலகாகத் தொடங்கி, இன்றைக்கு 1,500 மெகாவாட் திறனோடு நிற்கிறது. நம்ம வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு இங்கெல்லாம் காண்டிராக்ட் வேலை இருக்கிறது. அந்தச் சம்பளத்தில் குழுக் கடன் கட்டும் வீடுகளும் உண்டு. ஆகவே ஆலை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வண்ணம் அடித்த அன்றைக்கு இந்த ஊர்க்காரங்க யாராவது அந்த மேசைப் பக்கத்தில் இருந்தாங்களா? என் கேள்வி அதுதான்.

உலகத்தில் பேச்சு மாறியது

1992இல் பிரேசில் நாட்டின் ரியோ நகரத்தில் உலக நாடுகள் கூடி, சுற்றுச்சூழலைப் பற்றிப் பெரிய மாநாடு நடத்தின. ஒவ்வொரு ஊரின் உள்ளாட்சியும் தன் மக்களோடு பேசி, தன் ஊருக்கான சூழல் திட்டத்தைத் தானே எழுதணும் என்று அங்கே முடிவானது. திட்டம் எழுதும்போது பெண்களும் இளைஞர்களும் இருக்கணும் என்றும் சொன்னார்கள். ஐக்கிய நாடுகள் சபை நடத்திய ‘நீடித்த நகரங்கள்’ திட்டத்தில் 1990களில் சென்னையும் சேர்ந்தது. அந்த வேலையும் சி.எம்.டி.ஏ. வழியாகத்தான் நடந்தது.

நம்ம பக்கத்து மாநிலம் கேரளாவில் இது இன்னும் கீழே இறங்கி வந்தது. 1996இல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகள் கையில் கொடுத்தார்கள். 1998இல் குடும்பஸ்ரீ வந்தது. நம்ம மாதிரியே பெண்கள் குழுக்கள்தான். வார்டு கூட்டத்துக்குத் தேவைகளைப் பேசித் தயாராகி வருபவர்கள் அந்தப் பெண்கள். பணமும் முடிவும் ஊருக்குள் இருந்தால், கூட்டத்துக்குப் பெண்கள் தேடி வருவார்கள் என்பதை அங்கே பார்த்தார்கள்.

வரைபடத்தில் காணாமல் போன கழிமுகம்

இனிமேல் சொல்லப்போவதை நம்ம எல்லாரும் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்கணும். 1991இல் கடலோரத்தைக் காப்பாற்ற மத்திய அரசு சட்ட அறிவிக்கை ஒன்று கொண்டுவந்தது. அதன்படி 1996இல் ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய இடமாக இருந்தது. ஆனால் 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, மாநிலத்தில் வைத்திருந்த வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். இறாலும் மடவையும் நண்டும் கொடுக்கும் அத்தனை பெரிய தண்ணிப் பரப்பு காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இல்லாத தண்ணியில் மண் கொட்டினால் யார் கேட்க முடியும்?

இதைக் கண்டுபிடிக்க வைத்தது மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் போட்ட ஒரு மனு. ஆயுதம் எதுவும் கையில் இல்லை. 10 ரூபாய் கட்டணமும் ஒரு வெள்ளைத்தாளும்தான் செலவு. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்தது பற்றியும் மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சாம்பலை அகற்றி, கழிமுகத்தைச் சீர்செய்ய உத்தரவு போட்டது. தொழிலை விட்டுவிட்டு வருஷக்கணக்காக வாய்தாவுக்கு நடந்தவர்கள் வாங்கித் தந்த உத்தரவு அது.

எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

2022 செப்டம்பரில் பெருநகர சென்னை மாநகராட்சி ‘காலநிலை செயல்திட்டம்’ என்று ஒரு வரைவை வெளியிட்டது. 2050க்குள் நகரம் வெளியே விடும் கரியமில வாயுவும், திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாக இருக்கணும் என்பது அதன் இலக்கு. மின்சாரம், கட்டடம், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் தண்ணிப் பஞ்சமும், எளிய மக்களின் உடல்நலம் என்று ஆறு விஷயங்களை எடுத்துப் பேசியது. நல்ல முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் வரைவு முதலில் ஆங்கிலத்தில் மட்டும்தான் வந்தது. கருத்துச் சொல்லக் கொடுத்த நாளும் கொஞ்சம். எங்க பாஷையில் கொடுங்க என்று பல பேர் கேட்ட பிறகுதான் தமிழிலும் வந்தது, அவகாசமும் நீட்டித்தார்கள். இறுதி அறிக்கை 2023இல் வெளியானது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

இதில் நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தத் திட்டம் மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டருக்கு உரியது. 2011இல் மாநகராட்சி விரிந்தபோது திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி எல்லாம் உள்ளே போயின. வள்ளூர் போகவில்லை. நாம திருவள்ளூர் மாவட்டம், மீஞ்சூர் ஒன்றியம். நகரத்து வீடுகளில் எரியும் விளக்குக்கு மின்சாரம் தரும் புகைபோக்கி நம்ம ஊரில் இருக்கிறது. நகரத்தின் திட்டமோ நம்ம ஊருக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது.

தண்ணிக்கு எல்லை தெரியுமா? கொசஸ்தலை வடிநிலத்தில் மாநகராட்சி ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி ரூபாய்க்கு மழைநீர் வடிகால் கட்ட ஆரம்பித்தது. அந்தத் தண்ணியும் கடைசியில் கொசஸ்தலைக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும்தான் வந்து சேரணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலிப் பக்கத்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், கழிமுகம் முழுக்கப் பரவியது. படகு, வலை, நாரை, கூழைக்கடா எல்லாம் கறுத்துப்போயின. மீனவர்கள் மக்கிலும் பக்கெட்டிலும் அள்ளினார்கள். எண்ணெய் எந்த எல்லைக் கோட்டையும் பார்த்து நிற்கவில்லை.

நாமும் திட்டம் போட்டவங்கதான்

இதெல்லாம் படிச்சவங்க வேலை, நமக்கென்ன தெரியும் என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்காக வீடு வீடாகப் போய், யாருக்கு ஓய்வூதியம் வரவில்லை, எந்தத் தெருவுக்கு வடிகால் இல்லை என்று எழுதியது யார்? அதைக் கூட்டமைப்பில் தொகுத்து கிராம சபையில் வைத்தது யார்? நாமதானே. நகரத் திட்டமும் அதே மாதிரி வேலைதான், நோட்டுதான் பெரிசு.

அடுத்த நோட்டு இப்போது எழுதப்படுகிறது. இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரைக்கும்தான். மூன்றாவதைத் தயாரிக்கும் வேலை நடக்கிறது. 2022இல் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அறிவித்தார்கள். அடுத்த இருபது வருஷத்துக்கு, நம்ம பேரப்பிள்ளைகள் குடிக்கும் தண்ணிக்கும் மூச்சு விடும் காற்றுக்கும் அதில்தான் வண்ணம் அடிப்பார்கள்.

ஆகவே கூட்டமைப்பின் முன் நான்கு வேலைகளை வைக்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு தெருவிலும் ஒரு கிணறு அல்லது போரைத் தேர்ந்தெடுத்து, மாசம் ஒரு தடவை தண்ணி மட்டத்தையும் உப்பா நல்லதா என்பதையும் குழு நோட்டில் எழுதுவோம். வெள்ளம் வந்தால் எந்த வீட்டுச் சுவரில் எத்தனை அடி நின்றது என்று தேதியோடு குறிப்போம்.

இரண்டு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை உண்டு. ஒவ்வொன்றிலும் தண்ணி, சாம்பல், வடிகால் பற்றித் தீர்மானம் வைத்து, நகலைக் கையோடு வாங்குவோம்.

மூன்று, புதிய ஆலையோ விரிவாக்கமோ வந்தால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பார்கள். அதற்கு 30 நாள் முன்னால் அறிவிப்பு கொடுக்கணும், அறிக்கைச் சுருக்கம் தமிழில் இருக்கணும். அதை வாங்கிவந்து, வாராந்திரக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்போம். புரியாத இடத்தில் நிறுத்திக் கேள்வி எழுதுவோம்.

நான்கு, மூன்றாம் முழுமைத் திட்ட வரைவு வந்தவுடன் நம்ம ஊர் எந்த வண்ணத்தில் இருக்கிறது, அணைக்கட்டும் ஆறும் கழிமுகமும் அதில் இருக்கின்றனவா என்று பார்ப்போம். இல்லையென்றால் எழுத்தில் ஆட்சேபனை கொடுப்போம்.

சேமிப்பு ஆரம்பித்த காலத்தில் கையெழுத்துப் போடவே கை நடுங்கினவர்கள் நம்மில் இருக்கிறோம். இன்றைக்கு அதே கை வங்கி மேலாளருக்கு முன்னால் கணக்கு நோட்டைத் திருப்பிக் காட்டி, இந்த வட்டி தப்பு சார் என்று சொல்கிறது. அந்தக் கையால் ஒரு வரைபடத்தையும் விரித்துப் பார்ப்போம். எங்க ஊர் எங்கே சார் இதுல என்று கேட்போம்.