லோக்தாக் ஏரியும் கரைவாழ் மக்களும்

மணிப்பூர்ச் சமவெளியின் தென்பகுதியில் அமைந்த லோக்தாக், வடகிழக்கு இந்தியாவின் மிகப்பெரிய நன்னீர் ஏரியாகும். மண்ணும் வேர்களும் மட்கிய தாவரங்களும் பிணைந்து மிதக்கும் 'பும்தி' எனும் திட்டுகளே இதன் தனித்தன்மை. மொய்ராங்கை அடுத்துள்ள மைதேயி மீனவர் இத்திட்டுகளை வளையமாக அமைத்து மீன்பிடித்தனர். அவற்றின்மீது குடிலிட்டும் வாழ்ந்தனர். வறண்ட பருவத்தில் நீர் தாழ, பும்திகள் அடிமண்ணைத் தொட்டு ஊட்டம் பெறும். மழைக்காலத்தில் மீண்டும் மிதக்கும். நீர்மின் திட்டத்திற்கென 1983இல் செயற்பாட்டிற்கு வந்த இதாய்த் தடுப்பணை, நீர்மட்டத்தை ஆண்டு முழுதும் உயர்த்தி இச்சுழற்சியைக் குலைத்தது. கரையோர விளைநிலங்கள் மூழ்கின. உழவர் பலர் மீன்பிடித்தலை நாடினர். கெய்புல் லாம்ஜாவோவில் சங்காய் மானைத் தாங்கும் பும்திகளும் மெலிந்தன. 2006ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் பும்திக் குடியிருப்பைத் தடைசெய்தது. 2011இல் குடில்கள் பல எரிக்கப்பட்டன. அணையால் நிலமிழந்து நீருக்கு வந்தோரும் நீரிலிருந்து வெளியேற்றப்பட்டமை, இவ்வேரியின் வரலாற்றில் தனித்து ஆராயத்தக்கது.