கத்தாத பூனை நிம்மதியா இருக்கா? அந்தமானுக்குப் பூனையோடு போகிறவர்களுக்கு

டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தாச்சு. அடுத்த சில வருஷம் ஸ்ரீ விஜயபுரத்தில்தான் வேலை. 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட அதே ஊர். வாடகைக்கு வீடு பார்த்துவிடலாம், பைக்கைப் பார்சல் போட்டுவிடலாம். ஆனால் சொந்தக்காரர்கள், நண்பர்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்று எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "பூனையை என்ன பண்ணப் போற?"

இப்படி ஒரு கேள்வியைச் சந்திக்கும் முதல் ஆள் நீங்கள் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் வாழ்ந்தவர்கள் சுமார் 3.8 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். சென்னைக்கும் தீவுக்கும் நடுவே குடும்பங்கள் போய்வருவது பல தலைமுறைப் பழக்கம். (ஒரு சின்ன ஆதங்கம்: 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாய் உண்டு, முயல் உண்டு, யானைகூட உண்டு. பூனைக்கு மட்டும் பத்தி கிடையாது.)

கேள்விக்கு வருவோம். பயந்த சுபாவமுள்ள பூனையைச் சுமார் 1,370 கிலோமீட்டர் கடல் தாண்டிக் கூட்டிப்போக முடியும். ஆனால் 'அமைதி' என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

கத்தல் பிரச்னை இல்லை, மௌனம்தான்

நாய்க்கு நீங்கள்தான் வீடு. பூனைக்கு வீடுதான் வீடு. சோபா மூலையிலும் கதவு நிலையிலும் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி, "இது என் இடம்" என்று எழுதி வைத்திருக்கும் விலங்கு அது. அந்த வாசனை வரைபடத்திலிருந்து பிய்த்தெடுப்பதுதான் முதல் அதிர்ச்சி. அடுத்தது சத்தம். மனிதக் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு ஏறக்குறைய 85 வரை கேட்கும். விமான நிலையத்தில் நமக்குக் கேட்பது அதற்குக் கேட்பதில் ஒரு பகுதிதான்.

காரில் ஏறியதும் தொண்டை கிழியக் கத்துகிற பூனை எதிர்ப்பைச் சொல்கிறது. நமக்கு எரிச்சல், பக்கத்து சீட்காரருக்கு இன்னும் எரிச்சல். ஆனால் கத்துவதால் மட்டும் பூனைக்கு எதுவும் ஆகிவிடாது. கவனிக்க வேண்டியது இன்னொரு வகைப் பூனையை. நாலு காலையும் உடம்புக்கு அடியில் இழுத்து, தலையைத் தாழ்த்தி, காதைப் பக்கவாட்டில் மடக்கி, கண்மணி முழுக்க விரிந்து கறுப்பாக, அசையாமல் உட்கார்ந்திருக்கும். "பரவாயில்லையே, சமத்தா இருக்கு" என்று நாம் நினைப்போம். அது சமத்து இல்லை, உறைந்துபோன பயம். அந்த நிலையில் பூனை சாப்பிடாது, தண்ணீர் குடிக்காது, சிறுநீரையும் அடக்கி வைத்துக்கொள்ளும். ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது.

விமானமா, கப்பலா? ஒரு சின்னக் கணக்கு

சென்னையிலிருந்து விமானத்தில் பறக்கும் நேரம் இரண்டே கால் மணிக்குச் சற்று முன்பின். வீட்டிலிருந்து கிளம்புவது, செக்-இன், காத்திருப்பு எல்லாம் சேர்த்தாலும் ஏழெட்டு மணி நேரத்தில் புது வீட்டுக்குள் இருப்பீர்கள். ஆரோக்கியமான, வளர்ந்த பூனை அவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

கப்பல் கதை வேறு. பயணமே சுமார் 60 மணி நேரம். துறைமுகத்தில் ஏறும் சடங்குகளுக்கு அரை நாள் வையுங்கள். வாந்தி வரக்கூடாது என்று கிளம்பும் முன் சாப்பாட்டை நிறுத்திய நேரத்தையும் கூட்டுங்கள். 70 மணி நேரத்தைத் தாண்டிவிடும், அதாவது மூன்று நாள். பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால், குறிப்பாகக் குண்டுப் பூனையாக இருந்தால், உடம்பில் சேர்ந்த கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய் அடைக்கும் நோய் வரலாம். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆண் பூனைகளுக்கு இன்னொரு சிக்கல்: மன அழுத்தத்தில் சிறுநீர்ப்பை வீங்கி, குறுகலான சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளலாம். அது மணிக்கணக்கில் முற்றும் அவசர நிலை. நடுக்கடலில் கால்நடை மருத்துவர் கிடைக்க மாட்டார்.

அதனால் என் கருத்து நேரடியானது: பயந்த பூனை என்றால் விமானம்தான். டிக்கெட் விலை வித்தியாசம் கையைக் கடிக்கும். ஆனாலும் அந்த மூன்று நாள் ரிஸ்க்கோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

விமானத்திலும் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். இண்டிகோ செல்லப்பிராணிகளை ஏற்றுவதில்லை. ஏர் இந்தியா ஏற்றுகிறது. ஆகாசா 2022 நவம்பரில் இந்தச் சேவையைத் தொடங்கியபோது, கேபினுக்குள் கொண்டுபோகக் கூண்டோடு சேர்த்து 7 கிலோ என்று வரம்பு வைத்தது. எடை வரம்பும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. ஒரு விமானத்தில் இத்தனை விலங்குகள்தான் என்ற உச்சவரம்பும் உண்டு. எனவே முதலில் பூனைக்கு இடம் இருக்கிறதா என்று போன் போட்டு உறுதி செய்யுங்கள், அப்புறம் உங்கள் டிக்கெட். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும், பயணத்துக்குத் தகுதியானது என்ற மருத்துவச் சான்றும் கேட்பார்கள். மருத்துவச் சான்று எத்தனை நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

பெர்ஷியன் வளர்க்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். சப்பை மூக்குப் பூனைகளுக்குச் சாதாரண நாளிலேயே மூச்சு சிரமம்; வெயிலில் சரக்குப் பகுதிக்காகக் காத்திருப்பது அவற்றுக்கு ஆபத்து. கேபினில் இடம் கிடைக்கவில்லை என்றால் தேதியை மாற்றுங்கள்.

கப்பலைத் தவிர வழியே இல்லை என்றால், கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தில் முன்கூட்டியே எழுத்துபூர்வமாக அனுமதி கேளுங்கள். பூனை உங்களோடு கேபினில் இருக்கலாமா, வேறு இடத்தில் வைக்க வேண்டுமா என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். உங்கள் கண்ணில் படாத இடம் என்றால் ஏற்றாதீர்கள். பங்க் வகுப்பில் நூறு பேர் நடுவே பயந்த பூனையை வைத்திருப்பதும் வேண்டாம். மாதமும் முக்கியம்: மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் கடல் ஆட்டிப் படைக்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒப்பீட்டளவில் அமைதி. பூனைக்கும் கடல் குமட்டல் வரும். எச்சில் வழிவது முதல் அறிகுறி. அதற்கு மருந்து உண்டு, கிளம்பும் முன்பே மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் முன்னாடி ஆரம்பிங்க

பயண நாளில் நீங்கள் செய்யும் எதையும்விடப் பலன் தருவது இதுதான். பெரும்பாலான வீடுகளில் கூண்டு வருஷம் முழுக்கப் பரணில் இருக்கும். ஊசி போடும் நாளில் மட்டும் கீழே இறங்கும். பூனைக்கு அதன் அர்த்தம் தெளிவு: கூண்டு வந்தால் வலி வரும். இந்த அர்த்தத்தை மாற்ற வேண்டும்.

வியன்னாவில் 22 பூனைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. பாதிப் பூனைகளுக்கு ஆறு வாரத்தில் 28 முறை கூண்டுப் பயிற்சி கொடுத்தார்கள். மீதிக்குப் பயிற்சி இல்லை. அடுத்து எல்லாவற்றையும் காரில் ஏற்றி மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது, பயிற்சி பெற்றவை பயணத்தில் குறைந்த பதற்றம் காட்டின. பரிசோதனையும் சீக்கிரம் முடிந்தது.

வீட்டில் இதைச் செய்வது கஷ்டமில்லை. கூண்டை இறக்கி, கதவைக் கழற்றி, அது வழக்கமாகத் தூங்கும் இடத்தில் வையுங்கள். உள்ளே நீங்கள் போட்டுத் துவைக்காத பழைய டி-ஷர்ட். சாப்பாட்டுத் தட்டை நாளுக்கு நாள் கூண்டை நோக்கி நகர்த்துங்கள், ஒரு கட்டத்தில் உள்ளேயே வையுங்கள். தானாக உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்த பிறகுதான் கதவை மாட்ட வேண்டும். முதலில் ஐந்து விநாடி மூடித் திறப்பது, பிறகு ஒரு நிமிடம், பிறகு தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றுவது, பிறகு ஆட்டோவில் தெருமுனை வரை. ஒவ்வொன்றுக்கும் கடைசியில் பிடித்த தின்பண்டம். பயந்தால் ஒரு படி பின்னால் போங்கள். அவசரப்பட்டு உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் ஒரு வாரம் செய்தது ஒரே நொடியில் வீண்.

கூடவே ஹார்னஸ் போட்டுப் பழக்குங்கள். காரணம் கீழே வருகிறது.

தூக்க மாத்திரை கொடுத்துடலாமா?

வேண்டாம். குறைந்தபட்சம் நீங்களாக வேண்டாம். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. பாராசிட்டமால் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். முன்பு பரவலாகக் கொடுக்கப்பட்ட அசிப்ரோமசின் உடம்பை மட்டும் தளரவைக்கும், பயத்தைக் குறைப்பதில்லை, ரத்த அழுத்தத்தையும் இறக்கும். வெளியே பார்த்தால் அமைதி, உள்ளே அதே பயம்.

இப்போது மருத்துவர்கள் அதிகம் எடுப்பது காபாபென்டின். 2017-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 20 பூனைகளிடம் செய்த ஆய்வில், பயணத்துக்கு 90 நிமிடம் முன் இதைக் கொடுத்தபோது பதற்றம் தெளிவாகக் குறைந்தது. இதன் நெருங்கிய உறவான பிரீகாபலினுக்கு, பூனைகளின் பயணப் பயத்துக்காகவே 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது.

"அப்போ மெடிக்கல்ல வாங்கிடலாமே?" இங்கேதான் நம்ம ஊர்ச் சிக்கல். நம் கடைகளில் காபாபென்டின் பெரும்பாலும் வேறு மருந்துகளோடு கலந்த மாத்திரையாகவே கிடைக்கும். அந்தக் கலவை பூனைக்கானது இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு அளவும் மாறும். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வழக்கமான மருத்துவரிடமோ எழுதி வாங்குங்கள். பயணத்துக்குச் சில நாள் முன் ஒருமுறை வீட்டிலேயே கொடுத்துப் பாருங்கள். தள்ளாடும், அதிகம் தூங்கும். அது எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். விமானத்தில் மயக்க நிலையில் இருக்கும் விலங்கை நிறுவனங்கள் மறுக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பூனையின் கன்ன வாசனையைப் போலச் செய்த ஃபெரோமோன் ஸ்ப்ரே விற்கிறது. ஆய்வு முடிவுகள் கலவையானவை, கெடுதல் இல்லை. அடித்து 15 நிமிடம் கழித்துப் பூனையை உள்ளே விடுங்கள். ஆல்கஹால் ஆவியாக வேண்டும்.

அந்த நாள்

கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன் கடைசிச் சாப்பாடு, அதுவும் கொஞ்சமாக. குட்டி என்றால் இவ்வளவு பட்டினி கூடாது. தண்ணீரை நிறுத்தாதீர்கள். கூண்டுக்கு அடியில் ஈரம் உறிஞ்சும் பேட், மாற்றுக்கு இரண்டு. மேலே மெல்லிய பருத்தித் துண்டு போட்டு மூன்று பக்கம் மூடுங்கள். நாலு பக்கமும் மூடினால் சென்னை வெயிலில் அது அடுப்பு. வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்கினால் சூடோ பயமோ எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். உடனே நிழல், காற்று. சில நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் பயணத்தை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

பூனை தப்பி ஓட மிக அதிக வாய்ப்புள்ள இடம் பாதுகாப்புச் சோதனை. கூண்டு காலியாக எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும், பூனை உங்கள் கையில் இருக்கும். ஹார்னஸ் இதற்குத்தான். கதவு மூடிய தனி அறையில் சோதனை செய்ய முடியுமா என்று காவலரிடம் முன்கூட்டியே, மரியாதையாகக் கேளுங்கள். பல நேரம் ஒத்துக்கொள்வார்கள்.

உங்கள் வேலை மாயாபந்தரிலோ டிக்லிப்பூரிலோ என்றால் பயணம் இன்னும் முடியவில்லை. அந்தமான் டிரங்க் சாலையில் ஜிர்காடாங் தாண்டியதும் ஜாரவா பழங்குடியினர் காப்பகம். வாகனங்கள் கான்வாயாக மட்டுமே போகலாம், நடுவில் நிறுத்தக் கூடாது. பூனை கத்தினாலும் வாந்தி எடுத்தாலும் அடுத்த கேட் வரை பொறுத்தே ஆக வேண்டும். பேட் மாற்றுவது, தண்ணீர் காட்டுவது எல்லாம் ஜிர்காடாங்கில் காத்திருக்கும்போதே முடித்துவிடுங்கள். விமானத்தில் இறங்கிய அன்றே இந்தச் சாலையில் ஏறாமல் ஓர் இரவு ஸ்ரீ விஜயபுரத்தில் தங்குவது நல்லது.

வந்து சேர்ந்த பிறகு

புது வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிடாதீர்கள். ஒரே ஒரு அறை போதும். பழைய படுக்கை, பழைய தட்டு, அதே பிராண்ட் லிட்டர் மணல். முதல் மாதத்துக்கான மணலையும் உணவையும் சென்னையிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள். தீவில் உங்கள் பிராண்ட் கடையில் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி மூலையில் வையுங்கள். 2014-இல் நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் 19 பூனைகளைக் கவனித்தார்கள். ஒளிய பெட்டி கிடைத்தவை கிடைக்காதவற்றைவிடச் சில நாள் முன்பே இயல்புக்கு வந்தன. கட்டிலுக்கு அடியிலிருந்தோ பெட்டிக்குள்ளிருந்தோ இழுத்து வெளியே எடுக்காதீர்கள்.

ஜன்னல்களுக்கு வலை அடித்த பிறகே மற்ற அறைகள். குறைந்தது இரண்டு மூன்று வாரம் வெளியே விட வேண்டாம். வழி தெரியாமல் தொலைந்துபோகும் என்பது ஒரு காரணம். தீவு என்பது இன்னொன்று: தரையில் கூடு கட்டும் பறவைகளுக்குத் தெருவில் அலையும் பூனை எமன். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் பறக்கத் தெரியாத ஒரு சின்னப் பறவை இனம் 1890-களில் அழிந்ததில் பூனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் மூன்று நாள் போனில் ஒரு நோட் திறந்து மூன்று விஷயம் எழுதுங்கள்: எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை முறை சிறுநீர் போனது, மலம் போனதா. வந்து 24 மணி நேரமாகியும் எதையும் தொடவில்லை என்றால் சூடாக்கிய வெட் ஃபுட் அல்லது மீன் வேகவைத்த தண்ணீர் காட்டிப் பாருங்கள், உப்பும் மசாலாவும் இல்லாமல். அதற்கும் மசியாவிட்டால் இன்னொரு நாள் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். ஆண் பூனை லிட்டர் பெட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அந்த ராத்திரியே கிளம்புங்கள். கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும், ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்பதைச் சென்னையில் பெட்டி கட்டும்போதே விசாரித்து போனில் சேமித்து வையுங்கள்.